ஆத்தூர் ரோட்டு ஸ்பெயின் வீடு

அண்ணே,

கொல்லையில் தகர டிரம்முக்குள் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன்னைத்தான் தேடினேன். நீ இருந்தால், "வெள்ளைச் சுவரு வெயிலைத் திருப்பி அனுப்பிடும்டி. நம்ம வீட்டுக்குள்ள அதுக்கு என்ன வேலை?" என்பாய். நேற்று சுண்ணாம்பு வாங்கி வந்தது அப்பா! நம்பமாட்டாய். சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்து நீ வரைந்த முதல் வீடு நம்முடையதுதான். காலண்டரில் இருந்த ஸ்பெயின் வீட்டைக் காட்டி, "நம்ம ஊரு மாதிரியே வெயில்ல வேகுற ஊரு. அவங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு பாருங்க" என்றாய். கனத்த சுவர், மேற்கே கையகல ஜன்னல், மேலே ஓடு, நடுவில் திறந்த முற்றம், அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நீ அதை ஃபவுண்டன் என்றாய். அம்மா மாட்டுத்தொட்டி என்றாள். மாமா, "ஸ்பெயின்னு சொல்லி நமக்குப் பெயினைக் குடுக்குறான் மச்சான்" என்றார். நான் சொல்ல வைத்திருந்ததை அவர் முந்திக்கொண்டாரே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வாசல் வளைவு வேறு. கொத்தனார் அதுவரை கட்டிய வளைவெல்லாம் மாதா கோயிலுக்கு. கைப்பழக்கத்தில் நம் வாசலுக்கும் உச்சியில் கூராக ஒரு முனை வைத்துவிட்டார். வெள்ளை அடித்த மறுநாளே டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, செருப்பைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பூசை எத்தனை மணிக்கு தாயி?"

"சாமியார் சைட்டுக்குப் போயிருக்காரும்மா, வந்ததும் வச்சிருவாரு" என்றேன் நான்.

நீ வந்து என் காதைத் திருகினாய். ஆனால் வளைவை இடிக்கச் சொன்ன அப்பாவிடம், "இருக்கட்டும்ப்பா, ஸ்பெயினு பாதி, திண்டுக்கல்லு பாதி" என்று சிரித்தாய்.

போன தை மாதம் வத்தலக்குண்டு ரோட்டில் உன் பைக்கை லாரி அடித்தது. அதற்குப் பிறகு அப்பா முற்றத்துப் பக்கமே வருவதில்லை. "மூடி ஸ்லாப் போட்ருவோம் மச்சான், மேல ஒரு ரூமும் ஆச்சு" என்றார் மாமா. அப்பா தலையை ஆட்டிவிட்டார். கம்பியும் வந்து இறங்கியது. உன் முற்றத்துக்கு முற்றும் போடப் பார்க்கிறார்கள்! அழுது பார்த்தேன், அப்பாவும் சேர்ந்து அழுதாரே தவிர, கம்பி நகரவில்லை. விடுவேனா? எனக்குத் தெரிந்த ஒரே தொழிலான குறும்புக்கே திரும்பினேன்.

ஸ்லாபுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் வருவதாக இருந்த அன்று மாமாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். சித்திரை வெயில். பிரியாணியை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் பரிமாறினேன். மாமாவைத் தனியே உட்கார வைக்க முடியாமல் அப்பாவும் அங்கே வந்துதான் ஆகவேண்டியிருந்தது. தொட்டியை நிரப்பி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, இரண்டு கட்டிலும் போட்டு வைத்திருந்தேன். சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போனது. தெரு முழுக்க விசிறியும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டது. இங்கே மாமாவின் குறட்டை கூரையை எட்டியது.

வாசலில் பலகைகள் தடதடவென்று விழுந்தன. மாமா கண்ணைத் திறக்காமலே கத்தினார்: "யாருய்யா அது? செத்த நேரம் மனுசனைத் தூங்க விடமாட்டீகளா?"

"நீங்க வரச் சொன்ன ஆளுகதான் மாமா. உங்களுக்குக் காத்து வர்ற ஓட்டையை அடைக்க வந்திருக்காங்க" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். முற்றத்துக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தார். "காத்து வர வழி வச்சாப் போதாது, போகவும் வழி வைக்கணும்னு சொல்லுவான்" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "பலகையைத் திருப்பி வண்டியில ஏத்துங்கப்பா" என்றார்.

மாமா இன்னும் விடவில்லை. மழை வரட்டும், அப்போது பேசுகிறேன் என்கிறார். வரட்டும். நானும் இங்கேதான் இருக்கிறேன். வெள்ளையடிக்கிற மட்டையும் சுண்ணாம்பும் இனி என் கையில்.

இன்று காலையில், நேற்றே கரைத்து வைத்த சுண்ணாம்பில் வளைவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது, வெயிலில் வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். வாய் வரை வந்த குறும்பை விழுங்கிக்கொண்டேன்.

"கோயில் இல்லைங்கய்யா, எங்க அண்ணன் கட்டின வீடு. உள்ள வந்து செத்த உக்காந்துட்டுப் போங்க, குளுகுளுன்னு இருக்கும்."