கப்பலுக்கும் தாகம் உண்டு

பஸ்ரா
மார்ச், புழுதி நாள்

அன்புள்ள ரபாபுக்கு,

உங்கள் ஸ்வீடன் பனியிலும் எங்கள் புழுதியிலும் எல்லோரும் சுகமாயிருக்கட்டும். உன் அம்மாவின் முழங்கால் எப்படி என்று என் அம்மா கேட்கச் சொன்னாள். ஆள் கிடைத்தால் பேரீச்சம்பாகு கொடுத்தனுப்புவாளாம். பள்ளி வாசல் வண்டியில் அந்தப் பாகில் வேகவைத்த டர்னிப் கிழங்கை வாங்கி நாம் வாய் சுட்டுக்கொண்டு தின்றது நினைவிருக்கிறதா? வண்டி இன்னும் நிற்கிறது. வாய் இன்னும் சுடுகிறது.

நான் பள்ளி பள்ளியாகப் போகிறேன். பிள்ளைகளுக்காக எழுதிய கவிதைகள், கவிதையிலேயே சொன்ன கதைகள் எல்லாவற்றையும் வகுப்பில் சத்தமாக வாசிக்கிறேன். கையைப் பின்னால் கட்டி ஒப்பிக்க மட்டும் அல்ல கவிதை என்று காட்டத்தான். தலைமை ஆசிரியைகள் முதலில் சிரிப்பார்கள். "இது பரீட்சைக்கு வருமாம்மா? வராதுன்னா சீக்கிரம் முடிச்சுக்குங்க." பிறகு தேநீர் தருவார்கள்.

பிள்ளைகளுக்குக் கவிதை என்றால் இன்னும் துரத்தல்தான். நம்முடைய அதே விளையாட்டு. ஒருத்தி சொல்லும் வரி எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் வரியை எதிரணி சொல்ல வேண்டும். திணறினால் தோல்வி. ஒரு வகுப்பில் நான் உருகி உருகி வாசித்து முடித்தேன். முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், உங்க வரியெல்லாம் சுலபமான எழுத்துலயே முடியுது. இத வச்சு ஒருத்தியையும் மடக்க முடியாது." வகுப்பே சிரித்தது. நானும். நாம் இருவரும் அந்த வயதில் இதைத்தான் சொல்லியிருப்போம்.

கடினமான எழுத்துகளுக்கு நம் கிடங்கு உன் அப்பா. சவரம் செய்துகொண்டே, கன்னமெல்லாம் நுரையோடு, வரி வரியாகச் சொல்வார். நினைவுக்கு வராவிட்டால் அங்கேயே ஒன்றைச் செய்துவிடுவார். "பழைய பாட்டும்மா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தினது. தைரியமா சொல்லு. யார் பாடினதுன்னு கேட்டா, முறைச்சுப் பாரு." பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் நீ அப்படித்தான் முறைத்தாய். நடுவர் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டினார்.

கப்பலுக்கும் தாகம் உண்டு, அதனால்தான் நங்கூரத்தை நாக்காய் நீட்டுகிறது.

பாலைவனத்துப் பழம்பாடல் என்று சாதித்தோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாருக்கு அது தோன்றும்?

போன வாரம் அபுல் கசீபில் ஒரு பள்ளி. பேரீச்சந்தோப்புக்குள் சில அறைகள். துரத்தலின் நடுவே ஒரு சிறுமி அந்த வரியைச் சொன்னாள். அதே வரி. யார் பாடியது என்று கேட்டேன். என்னை முறைத்தாள். அவளுடைய டீச்சர்தான் பதில் சொன்னாள். "பழம்பாட்டு மேடம். கவிஞர் பேரு யாருக்கும் தெரியாது."

நான் திருத்தவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இனி, இதுவரை தள்ளிப்போட்டது.

என் புதுப் புத்தகம் உன் அப்பாவைப் பற்றியது. ஒரு கிரேன்காரர் மகளுக்கு வரிகள் தருகிறார். ஒரு காலை துறைமுகத்துக்குப் போகிறார். திரும்பவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். தெருவை மாற்ற முடியவில்லை. பாக்தாதில் இருக்கும் பதிப்பாளர் நல்ல மனிதர். "குழந்தைங்க படிக்கிறதும்மா. கடைசிப் பக்கத்துல அப்பா வாசல்ல வந்து நிக்கட்டுமே. உனக்கு என்ன குறைஞ்சிடும்?" என்கிறார். எழுதியும் பார்த்தேன். வந்து நின்றார். கையில் சூடான ரொட்டிகூட இருந்தது.

அந்தத் தோப்புப் பள்ளியில் இரண்டு முடிவுகளையும் வாசித்தேன். அப்பா வந்ததும் கைதட்டினார்கள். உடனே இன்னொரு ஆட்டம் துரத்தல் ஆடலாமா என்றார்கள். அவர் வராத முடிவுக்கு யாரும் கைதட்டவில்லை. பிறகு தபாரக் என்றொரு பெண், கடைசி பெஞ்சிலிருந்து: "டீச்சர், அன்னிக்கு அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?"

எனக்குத் தெரியவில்லை. அவளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். தெரியவில்லை.

உன் அப்பா திரும்பாத அன்று, பயத்தில் எங்கள் வீட்டில் யாரையும் வெளியே விடவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் உங்கள் வாசல் விளக்கு எரிந்தது. பகலிலும் எரிந்தது. அடுத்த வாரம் வீடு பூட்டியிருந்தது. அதன் பிறகு தொலைபேசியில் எத்தனையோ பேசிவிட்டோம். உன் கல்யாணம், மகள், அங்கே கிடைக்காத மீன். இதை மட்டும் பேசவில்லை.

அவர் வராமலே புத்தகம் முடிய வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அது உன் வாசல். நீ வேண்டாம் என்றால் அச்சுக்குப் போகாது, பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். வரட்டும் என்று நீ சொன்னால் வருவார், ரொட்டியோடு. அதையும் நான் மனசாரத்தான் எழுதுவேன்.

உன் மகளை இறைவன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மாவின் கைகளை எனக்காக முத்தமிடு. இதை அவருக்கு வாசித்துக் காட்டுவதா என்பதை நீயே பார்த்துக்கொள்.

புத்தகத்தைப் பற்றி நிதானமாக யோசித்து எழுது. ஆனால் தபாரக்கை அடுத்த வாரம் மறுபடி பார்க்கப் போகிறேன். அவளுக்கு என்ன சொல்லட்டும்? அன்று நீ சாப்பிட்டாயா, ரபாப்?

உன்
ஷதா