மூடியும் குழாயும் வைத்த டிரம்

12-7-1968, வெள்ளி

காலராவால் மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திங்களன்று திறக்கப் போகிறோம். பிள்ளைகள் ஒரே பானையில் டம்ளரை முக்கிக் குடிக்கும்வரை அனுமதி இல்லை என்று சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அதனால் மொரப்பூரில் தகரவேலை செய்யும் ரஹீம் பாய், மூடியும் குழாயும் வைத்து ஒரு டிரம் செய்து தந்தார். இன்று இன்ஸ்பெக்டர் வந்து நின்ற நேரம் பார்த்துக் குழாய் ஒழுகியது. பாய் பதறாமல் குழாயைக் கழற்றி, அதன் திருகு மரையில் நூலைச் சுற்றி முறுக்கினார். ஒழுகல் நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

“பிளீச்சிங் பவுடர் வாசன தூக்குதுங்க டீச்சர். அப்ப சரிதான், தொறங்க.”

பாய்க்கு நன்றி சொன்னேன்.

“நன்றியெல்லாம் எதுக்குங்க? எம் பொண்ணு மூணு வாரமா வூட்ல டீச்சர் வெளையாட்டு. வாய்ப்பாடு தப்பாச் சொன்னேன்னு நேத்து என்னைய முட்டி போட வெச்சுட்டா. சீக்கிரம் கூட்டிக்குங்க” என்றார். மூவரும் சிரித்துவிட்டோம்.

சாயங்காலமே போய்க் கரும்பலகையைத் துடைத்து, திங்கட்கிழமைத் தேதியை எழுதிவிட்டு வந்தேன். அதற்குள் யாருக்கும் எதுவும் வராமல் இருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை, ஆனால் சந்தோஷமாக இருக்கிறது.