கல்வெட்டில் என்ன தொழில் போடுவது, சின்னம்மா?

என் அன்புச் சின்னம்மாவுக்கு,

நீங்கள் போய் இன்று இருபத்துநாலு நாள். இன்னும் ஒரு கிழமையில் முப்பத்தோராம் நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். உங்கள் படம், நாலு தேவாரம், ஒரு பக்கத்தில் வாழ்க்கை வரலாறு. பாட்டு எழுதித் தரும் மாஸ்டர் நேற்றும் போன் எடுத்தார். "பிள்ளை, தொழில் எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு. என்ன போடுறது?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஐந்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் தையல் என்றிருப்பேன். அம்மாவின் தங்கை, கலியாணம் கட்டாதவர், இளவயதில் கொழும்பில் தையல் பழகியவர், பிறகு ஊருக்குத் திரும்பி வேலணைப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்தவர். நான் அறிந்த சின்னம்மா அவ்வளவுதான். அளவெடுக்கும்போது, "மூச்சை உள்ளுக்கு இழுக்காதை. பிறகு சட்டை இறுக்குது எண்டு என்னட்டை வராதை" என்று ஏசுவீர்கள். மாஸ்டர் உங்களை 'இன்சொல் நாயகி' என்று பாடியிருக்கிறார். வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன்.

குழப்பத்தைத் தொடக்கிவைத்தது நான்தான். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்குப் படம் தேடியபோது, உங்கள் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. இருபது வயதுச் சின்னம்மா. வேறு நல்ல படம் ஒன்றும் கிடைக்கவில்லை. எவ்வளவு வடிவு! நெற்றியில் மட்டும் பொட்டு இல்லை. அப்படியே ஒட்டினால் சனம் கதைக்கும் என்று அச்சகத்தில் சொல்லி, கம்ப்யூட்டரில் ஒரு பொட்டு வைப்பித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதானே. வேலணைச் சந்தியிலிருந்து, நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஒட்டினோம்.

பத்தாம் நாள், துறையில் படகுச் சீட்டுக் கொடுக்கும் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, ஒருக்கா வாரும். நயினாதீவு விகாரைக்கு வந்த ஒரு சிங்கள அம்மா உங்கட நோட்டீசுக்கு முன்னால நிண்டு அழுறா. வீட்டுக்காரரைக் காணாமல் போகமாட்டாவாம்."

நான் போனபோது, எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, நான் வைப்பித்த பொட்டை அழுக்கென்று நினைத்து விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல அண்ணை தமிழில் சொன்னார். "ஆறு படமாம் தங்கச்சி, சிங்களப் படம். அதில வேற பேராம். உங்கட சின்னம்மா அந்தக் காலத்துப் பெரிய நடிகையாம். தமிழ்ப் பிள்ளை எண்டு இண்டைக்குத்தான் இவவுக்குத் தெரியுமாம்."

முதல் படத்தில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டே காட்சிகளில் வந்தீர்களாம். மூன்றாவது படத்துக்குப் பிறகு கலண்டரில் உங்கள் முகமாம். அந்த அம்மா உங்களைப் பார்த்துத்தான் ஒற்றைப் பின்னல் பின்னினாராம். ஆறாவது படத்தோடு நீங்கள் காணாமல் போனீர்கள். கலியாணம் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டீர்கள் என்று எல்லோரும் நம்பினார்களாம். நீங்களோ இங்கே வேலணையில் சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அப்பா, எங்கள் அப்பு, சிங்கள ஊரான மாத்தறையில் கடை வைத்திருந்ததும், நீங்கள் அங்கே பள்ளிக்கூடம் போனதும், சிங்களம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதும் எனக்குத் தெரியும். அப்பு சாகும்வரை உங்களோடு ஏன் கதைக்கவில்லை என்பதுதான் தெரியாமல் இருந்தது. இதுதானா காரணம்? என் அம்மாவுக்கும் தெரியுமா? தெரிந்துதான் 'கொழும்பில் தையல்' என்று எங்களுக்குச் சொல்லிவைத்தாரா?

அந்த அம்மாவோடு வந்திருந்த மகள், உங்கள் படம் ஒன்றின் சிறு துண்டைப் போனில் ஓடவிட்டுக் காட்டினார். அதில், தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியே நிற்கும் அக்கா நீங்கள். அழுகிறீர்கள். இடது புறங்கையால் ஒரு கண்ணை மட்டும் துடைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்கிறீர்கள். என் அம்மாவின் செத்தவீட்டிலும் நீங்கள் இப்படியேதான் அழுதீர்கள், சின்னம்மா! அதே கை, அதே கண். எனக்குக் கோபம் வந்தது. அன்று அம்மாவுக்கு நடித்தீர்களா? அல்லது அந்தப் படத்தில்தான் உண்மையாக அழுதீர்களா? இன்னும் விளங்கவில்லை.

அவர்களின் பஸ் போனபின் அண்ணை இன்னொன்று சொன்னார். "சண்டை நிண்டு பாதை திறந்த காலம் துடக்கம், சிங்களச் சனம் நிறைய வாற நாளில உங்கட சின்னம்மா இந்த மர வாங்கில வந்து குந்தியிருப்பா. படகு ஏறமாட்டா. வாற சனத்தைப் பாத்துக்கொண்டே இருப்பா."

எங்களுக்கு நீங்கள் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவதாக அல்லவா சொன்னீர்கள்!

"ஒருநாள் ஒரு மனுசி கிட்ட வந்து உத்துப் பாத்தவ. சின்னம்மா டக்கெண்டு குடையை இறக்கி முகத்தை மறைச்சுப்போட்டா. ஆனா எழும்பிப் போகேல்லை. கடைசி பஸ் போகும் வரைக்கும் இருந்தவ."

இதை வைத்து நான் என்ன முடிவெடுக்க? யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்றா இருந்தீர்கள், கண்டுபிடிக்கக் கூடாது என்றா? கனடாவிலிருந்து தம்பி சொல்கிறான்: "அக்கா, சின்னம்மாவே வாய் திறக்கேல்லை. நாங்கள் ஏன் சொல்லவேணும்?" அவன் சொல்வதும் சரிதான். மறைத்துவிட்டால் உங்களை இரண்டாம் முறை எரித்தது போலவும் இருக்கிறது. சொல்லிவிட்டால் நீங்கள் மறைத்த முகத்தை நான் பிடித்து நிமிர்த்தியது போலவும் இருக்கிறது. எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: தொழில், திரைப்பட நடிகை, தையற்காரி. இரண்டு பெயர்களையும் போடச் சொன்னேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "வடிவா யோசிச்சனீரோ?" என்றார். ஓம் என்றேன். பொய். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். முப்பத்தோராம் நாள் முடிந்து செத்தவீட்டுத் துடக்குக் கழிந்தபின், சனம் நிறைய வரும் நாட்களில் அந்த வாங்கில் நான் போய் இருப்பேன். யாராவது உங்களைத் தேடி வந்தால், "ஓம், அவ என்ரை சின்னம்மாதான்" என்று சொல்வேன். நீங்கள் காத்திருந்தது இதற்கில்லை என்றால், என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்களிடம் ஒன்றுமே கேட்டறியாத,
உங்கள் பெறாமகள்