படத்தின் விளிம்புக்கு வெளியே நான் நின்றிருந்தது குறித்து

அனுப்புநர்:
லாயிட் ப்ரூவிட்,
தூண்டில் இரைக் கடை,
ஏரிச் சாலை, கட்டர் பெண்ட்,
மில்பர்ன் கவுண்டி, அர்க்கன்சாஸ்.

பெறுநர்:
ஷெரிஃப் அவர்கள்,
மில்பர்ன் கவுண்டி.

பொருள்: என் கடையில் நடந்த கொள்ளையின் படத்தைத் தற்காப்புத் துப்பாக்கி வகுப்பில் காட்டி, என் மகள் ஷெல்பி செய்தது தவறு என்று கற்பிப்பதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளிக்கூடத்தை ஒருவழியாக முடித்ததோடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். இம்மனுவில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். துப்பாக்கிக்கு நான் எதிரி அல்ல. என் வண்டியில் எப்போதும் ஒன்று இருக்கும். கொள்ளையன் வந்தபோதும் அது பத்திரமாக வண்டியில்தான் இருந்தது.

2. சென்ற மாதம் ஒரு மதியம், கைத்துப்பாக்கியோடு ஒருவன் கடைக்குள் வந்து, கல்லாவில் நின்ற ஷெல்பியின் நெற்றிக்கு நேரே நீட்டினான். அவள் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கல்லாவைத் திறந்து, கேட்டதையெல்லாம் கொடுத்தாள். அவன் போய்விட்டான். பிறகு தங்கள் ஆட்கள் அவனைப் பிடித்தார்கள். அதற்கு என்றும் நன்றியுடையேன்.

3. இம்மாதம் 5ஆம் தேதி சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் தங்கள் அலுவலகம் நடத்தும் வகுப்புக்குப் போனேன். கற்றுக்கொள்ளும் ஆசை பாதி, இலவச டோனட் பாதி. பயிற்சியாளர் திரு. கோல்வின் திரையில் ஒரு கடையைக் காட்டினார். அது என் கடை; கடைக் கேமராவில் பதிவான அந்தக் கொள்ளை. ஷெல்பியின் முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் கல்லாவுக்கு மேலே என் மாமனார் பிடித்த கெளுத்தி மீன் தொங்குவதை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. கையில் இருந்த காபியைக் குடிக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

4. கொள்ளையன் கல்லாவைக் குனிந்து பார்க்கும் இடத்தில் கோல்வின் படத்தை நிறுத்தினார். “பாருங்க, அவன் கண்ணு பணத்து மேல. இதான் சந்தர்ப்பம். இந்தப் பொண்ணு உறைஞ்சு போயிட்டா” என்றார். பக்கத்தில் இருந்த ஊர்க்காரன் ஹார்லன், மீதிச் சில்லறையையும் மகளை எண்ணிக் கொடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று என்னைக் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், அவள் உறைந்துபோனாள் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அப்படி உறைந்ததற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொல்லியிருந்தேன்.

5. அடுத்து கோல்வின், குண்டு போகவேண்டிய வழியைச் சிவப்பு விளக்கால் காட்டினார். ஷெல்பியின் இடுப்பிலிருந்து கிளம்பிய கோடு, கொள்ளையனின் மார்பைத் தாண்டிப் படத்தின் விளிம்பில் முடிந்தது. என் கண் மட்டும் அங்கே நிற்காமல் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. விளிம்புக்கு அப்பால், இரைக்கு விற்கும் குஞ்சுமீன் தொட்டி இருக்கிறது. கொள்ளை நடந்தபோது அந்தத் தொட்டிக்குப் பின்னால், வலையைக் கையில் பிடித்தபடி, பாதி குனிந்து, நான் இருந்தேன். என் உடம்பை மறைக்கும் அளவுக்குப் பெரிய தொட்டி இந்தக் கவுண்டியில் விற்பதில்லை.

6. எழுந்து, அந்தக் கோடு போகும் வழியில் நான் நின்றிருந்தேன் என்று சொன்னேன். கோல்வின் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “படத்துல நீங்க இல்லையே, லாயிட். படத்துல இருக்கறத வச்சுத்தானே நான் பாடம் எடுக்க முடியும்.”

7. ஐயா, இந்தக் கவுண்டியில் மான் வேட்டைக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடக்கூடாது என்று சொல்லித் தருகிறோம். மேட்டு விளிம்பில் வெறும் வானத்துக்கு எதிரே மான் நின்றால், குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாததால், எத்தனை பெரிய கொம்பானாலும் விட்டுவிடுகிறோம். ஷெல்பி இதைப் படித்தது தங்கள் அலுவலகம் நடத்திய வேட்டை வகுப்பில்தான். மானுக்குக் காட்டிய கவனத்தை மனிதனுக்குக் காட்டினால் மட்டும் அது எப்படித் தவறாகும்?

8. வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். “உங்க தொப்பி அவன் தோளுக்கு மேல தெரிஞ்சுதுப்பா. அதான் துப்பாக்கிய எடுக்கல” என்றாள். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றாள். எனக்கு மனம் ஆறியது. ஆனால் அவள் அத்தோடு நிறுத்தவில்லை. “இருந்தாலும் கோல்வின் சார் சொல்றது சரிதான்பா. கை நல்லாப் பழகியிருந்தா, உங்க மேல படாம அவன மட்டும் சுட்டிருக்கலாம். அடுத்த தடவை சுட்டுருவேன்.”

9. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் நின்று, வேகமாக உருவிச் சுடப் பழகுகிறாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. என் உயிரை எது காப்பாற்றியதோ, அதையே தன் குறை என்று நம்பி, என் கண் முன்னால் தன்னிடமிருந்து அடித்துத் துரத்திக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால், பயந்த அப்பா பேசுகிறார் என்கிறாள். பயந்தது உண்மை என்பதால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

10. ஆகவே திரு. கோல்வின் என் கடைக்கு வரவேண்டும். ஷெல்பி நின்ற இடத்தில் அவரும், தொட்டிக்குப் பின்னால் நானும் நிற்போம். அங்கிருந்து பார்த்துவிட்டு, அவள் செய்தது சரியா தவறா என்பதை அவளிடமே அவர் சொல்லட்டும். அதன் பிறகு அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்லட்டும். அதுவரை அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதிருக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

11. இது வரும் சனிக்கிழமைக்குள் நடக்கவேண்டும். அன்று ஏரியில் பிள்ளைகளுக்கான மீன்பிடிப் போட்டி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இரை வாங்க வந்து அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். கல்லாவில் ஷெல்பி இருப்பாள்.

தங்கள் வருகைக்குக் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,

லாயிட் ப்ரூவிட்
(கையொப்பம்)

இடம்: கட்டர் பெண்ட்
நாள்: ஏப்ரல் 14, திங்கட்கிழமை