பின்வரிசைக்குப் போகாத காற்று

ஜூன், செவ்வாய் இரவு. சித்தூர்.

மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் காய்களைப் பழுக்கவைக்கும் அறை என் பொறுப்பு. இன்று கதவைத் திறந்ததும் எரிச்சலாக வந்தது. முன்வரிசைப் பழங்கள் குழைந்திருந்தன, பின்வரிசை இன்னும் பச்சைக்காய். பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு குறையவில்லை. கிரேட்டுகளை இடைவெளியே இல்லாமல் அடுக்கியதால், மின்விசிறி தள்ளும் காற்று பின்னால் போக வழியில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "சந்து விட்டா பாதி லோடு வெளியே நிக்கும்மா. கேஸை ஏத்திவிடு," என்றார். ஏற்றினால் முன்வரிசை அழுகும் என்றேன். கேட்கவில்லை. பின்வரிசையை முற்றாத காய் என்று சொல்லித் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

அது நகரி விவசாயி முனிரத்தினம் அண்ணனின் லோடு. வாசலிலேயே நின்றிருந்தார்.

"நல்லா முத்தின காயிம்மா. வருசா வருசம் இங்கதான் போட்டுக்கினு கீறேன்."

"உங்க காய்ல தப்பில்லண்ணா. உள்ள காத்து போவல."

"அதை அவராண்ட சொல்லும்மா."

அண்ணன் எதிரிலேயே மேனேஜரிடம் மறுபடி சொன்னேன். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அண்ணன் கிரேட்டுகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

"நீ உள்ள போம்மா. உன் வேலைக்கு எதுனா ஆயிடப் போவுது," என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இந்நேரம் தூங்கியிருப்பேன்.