மச்சானின் ஆழக்கயிறு

என் அருமை சவரிமுத்து மச்சானுக்கு,

அங்கே கடல் உண்டா? இருந்தால் இதற்குள் ஒரு தடவையாவது முங்கியிருப்பீர்கள். இங்கே நானும் உங்கள் தங்கை ரோசம்மாளும் நலம். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்துவிட்டன. நான் எழுத வந்த சேதி வேறு.

கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் பாறைத்திட்டுகளான பார்களை வரைபடத்தில் குறிக்க, கடல் ஆராய்ச்சி செய்யும் ஜப்பான் டாக்டரும் இலங்கை டாக்டரும் வந்தார்களே, அவர்களுடைய லாஞ்சிப் படகில் நீங்கள் முங்கிப் பார்க்கும் குளியாளி, நான் எழுத்தர். ஒவ்வொரு பாரின் ஆழத்தையும் நீங்கள் உங்கள் கயிற்றை இறக்கிப் பார்த்துப் பாகக் கணக்கில் சொன்னீர்கள். பாகத்துக்கு ஆறடி என்று நானாக வைத்துக்கொண்டு எழுதினேன். ஜப்பான் டாக்டரின் கருவியோ எல்லா இடத்திலும் ஆழம் குறைவு என்றது. 'இந்த ஆள் கூட்டிச் சொல்கிறார்' என்றார் அவர். இலங்கை டாக்டர் தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னார்.

"ஏலே மாப்ள, முப்பது வருசமா இந்தக் கடல்ல கெடக்கேன். நான் பொய்யா சொல்லுதேன்?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கரைக்கு வந்ததும் இறங்கிப் போனவர்தான். மற்ற குளியாளிகளும் வர மறுத்துவிட்டார்கள். வேலை நின்றது. அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் ரோசம்மாள் உங்கள் சாமான்களை ஒதுங்கவைத்தபோது ஆழம் பார்க்கும் கயிறு கிடைத்தது. பாகத்துக்கு ஒரு முடிச்சு. டேப்பை வைத்துப் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு ஐந்தரை அடிதான்! பாகம் என்பதே விரித்த கைகளின் நீளம். உங்கள் இரண்டு கையையும் விரித்து அளந்துதானே முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். ஆளே குட்டை, கை மட்டும் நீளமாகவா இருக்கும்? இது ஏன் என் மண்டையில் அன்றைக்கே ஏறவில்லை?

திரும்பக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பாரும் கருவியோடு பொருந்தியது. தப்பு என்னுடையது என்று இரண்டு டாக்டர்களிடமும் சொன்னேன். வெட்கம்தான், ஆனாலும் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜப்பான் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். உங்கள் படத்தின் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ரோசம்மாள் பதறிப்போனாள். "ஏங்க, அவர நிமிரச் சொல்லுங்க. எங்க அண்ணன் இம்புட்டு நேரம் கோவமா இருக்க மாட்டான்." இலங்கை டாக்டர் அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். அவள் சொன்னது சரிதானா மச்சான்?

குளியாளிகள் லாஞ்சிக்குத் திரும்பிவிட்டார்கள். பார்களுக்கு நீங்கள் சொன்ன பெயர்களே வரைபடத்தில் ஏறுகின்றன.

இனி ஒருவர் சொல்லும் அளவை எழுதுமுன், எதை வைத்து அளந்தார் என்று கேட்பேன். ஒருவரைப் பொய்யர் என்று என் முன்னால் யாராவது சொன்னால், சும்மா நிற்க மாட்டேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை மச்சான்.

அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டிய,
உங்கள் தங்கை மாப்பிள்ளை
மிக்கேல்