தலை முதல் கால் வரை நீலம்

ஜூன் 3, செவ்வாய்

ஆறு வருஷமாகக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஃப்ரேமுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து கவுன்ட்டராம்! எனக்கு வாயெல்லாம் பல். முதலாளியம்மா உடனே ஒரு நிபந்தனை போட்டார். "மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கலர்ல வாம்மா. வர்றவங்க கண்ணு ஃப்ரேம்ல நிக்கணும். நீ பூந்தோட்டம் மாதிரி நின்னா யாரு ஃப்ரேமைப் பார்ப்பா?" இரண்டு வாரம் பார்ப்பாராம். சரிப்படாவிட்டால் மறுபடி பின்னறை.

குனிந்து பார்த்தேன். ஆரஞ்சுச் சட்டை, பச்சை பேன்ட், ஊதா ஸ்வெட்டர். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஜூன் 4

அக்காவிடம் போனில் சொன்னேன். "ஏய் ஒட்டடைக்குச்சி, சூப்பர்டி! ரெண்டு செட் எடுத்துத் தரேன்" என்றாள். வேண்டாம் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்ட அந்த வருஷம் அவள் பை பையாகத் துணி வாங்கி வந்து இறக்கினாள். அப்போது நான் போட்ட சட்டம் இது: புதுசு தரக்கூடாது, நீ போட்டுக் கழித்ததென்றால் கொடு. இவருக்கு வேலை கிடைத்து நாலு வருஷம் ஆகிறது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. திமிர்தான். இருக்கட்டுமே.

ஜூன் 7

அலமாரியைக் கவிழ்த்தாயிற்று. எல்லாமே அக்கா கழித்த துணி. கலர் கலராகப் பிரித்தேன். கறுப்பு இரண்டு, பச்சை மூன்று, நீலம் — பதினான்கு! சட்டை, பேன்ட், ஸ்கார்ஃப், ஒரு கோட்டுகூட. நீலம் என்றால் எனக்கு உயிர். அவளுக்கும் இப்படியொரு பைத்தியமா?

ஜூன் 9

முதல் நாள். மை நீலப் பேன்ட், வெளிறிய சட்டை, இரண்டுக்கும் நடுவாந்தரமான நீலத்தில் ஒரு ஸ்கார்ஃப். ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. ஒரு பெரியவர் ஏழு ஃப்ரேம் போட்டுப் பார்த்து எட்டாவதை எடுத்தார். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முதலாளியம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 11

இன்றும் நீலம். எதிர்க்கடைத் தையல்காரர்: "என்னம்மா, ஸ்கூல்ல சேர்ந்துட்டீங்களா?"

ஜூன் 15, ஞாயிறு

இஸ்திரி போட்டுக்கொண்டே இவர் கேட்டார்: "உங்க அக்கா நீலம் போட்டு நான் பார்த்ததே இல்லையே?"

"உங்களுக்கு எங்க துணியெல்லாம் கண்ணுல படுது" என்று வாரினேன். அப்புறம் சந்தேகம் வந்து பழைய போட்டோக்களைப் பார்த்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், ஒரு சிவப்பு.

அவள் என் தோள் உயரம். இந்தப் பேன்ட் எனக்கே கணுக்கால் வரை வருகிறது. அவள் போட்டிருந்தால் தெருவைக் கூட்டியிருக்கும்! கோட்டுப் பைக்குள் கடையில் கொடுத்த உபரிப் பொத்தான், கவர்கூடப் பிரிக்கவில்லை. மயிரிழை பிசகாமல் லென்ஸ் மாட்டுகிறவள் நான். இது தெரியவில்லையே?

எனக்குன்னு வாங்கி, துவைச்சுத் துவைச்சுப் பழசாக்கி, "எனக்கு டைட்டாயிடுச்சுடி"ன்னு... அடிப்பாவி! நாலு வருஷத்துக்கு மேலயா? முகத்தை எப்படி வச்சிருந்தா? — அழுகையா வருது. சிரிப்பும் வருது.

ஜூன் 16

கேட்டுவிடலாமா? வேண்டாம்.

ஜூன் 21

கவுன்ட்டர் எனக்கே! வரும் வழியில் ஒரு மஞ்சள் சட்டை எடுத்தேன், அக்கா அளவில். மெஷினில் நாலு தடவை போட்டாயிற்று. "புதுசை ஏன் இந்தப் பாடு படுத்துற?" என்கிறார் இவர்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கு டைட்டாயிடுச்சு, நீ போட்டுக்கோ" என்று சட்டையை நீட்டினேன். விரித்துப் பார்த்தாள். அதன் கை என் முழங்கையைத் தாண்டாது. வெளுத்த காலரை விரலால் தடவினாள்.

"எத்தனை தடவைடி இதைப் போட்டுக்கிட்ட?"

"ரெண்டு தடவை."

"நானும் உன்கிட்ட இப்படித்தானே சொல்லிட்டிருந்தேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாட்டிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு நீல ஸ்வெட்டரோடு வந்தாள்.

"இந்தா, இது எனக்கு டைட்டு."

இந்தத் தடவை விலைச்சீட்டைக்கூட எடுக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.